தேக்குக் கதவுக்குச் சொன்ன பெயர்

நாக்குக்காரி ஒரு செடிக்கு எந்தப் பெயரைச் சொன்னாலும் அது அந்தச் செடியாகவே மாறிவிடும். மருந்துச்சாலையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூலிகை தேடிக் காடு காடாக அலையும் வேலை மிச்சம் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். வந்து இறங்கும் மூலிகையை முகர்ந்து, கிள்ளி, கடைசியில் நாக்கில் வைத்து இன்னதென்று சொல்வது அவள் வேலை. பழைய வைத்திய சுலோகத்தில் ஜீவந்தி என்ற மூலிகைக்குச் சொன்ன முக்கிய அடையாளம் இனிப்பு. அவளுக்குச் சளி பிடித்திருந்த ஒரு நாளில் வேலியோரக் கொடி ஒன்று வந்தது. நாக்கு மரத்திருந்தும், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஜீவந்திதான்" என்று சொல்லிவிட்டாள். கொடியும் மறுபேச்சில்லாமல் இனித்தது. அதைக் குடித்தவர்கள் குணமானார்கள்.

மருந்துச்சாலையை நடத்திய அவள் கொழுந்தன், இனி எந்தக் களையும் மருந்தாகும் என்று கண்டு, அன்றே அவளை ஓர் அறைக்குள் வைத்து வெளியே பூட்டுப் போட்டான். மரியாதைக்கு மட்டும் அவனிடம் குறைவில்லை. "இந்த ஒரு மூட்டை மட்டும் அண்ணி. வெளியில நோயாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்பான். அந்த ஒரு மூட்டை முடியவே இல்லை. வருஷங்கள் போயின. புல்லுக்கும் பூண்டுக்கும் அவள் நாக்கில் வைக்காமலே மூலிகைப் பெயர் சொன்னாள். ருசி பார்க்காமல் சொன்னால் பொய்யாகாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில், கதவுக்கு அப்பால் கேட்கும் குரலை வைத்துத்தான் மகள் வளர்வதை அறிந்தாள்.

ஒரு மாலை மகள் கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, காய்ச்சல் அடிக்குதும்மா. சித்தப்பா சாவி தரமாட்டேங்குறாரு" என்றாள். கொழுந்தன் பின்னாலிருந்து, "கசாயம் வெச்சுக் குடுத்திருக்கேன் அண்ணி, நீங்க வேலையப் பாருங்க" என்றான்.

நாக்குக்காரி எழுந்தாள். பழக்கதோஷம், முதலில் கதவை முகர்ந்தாள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். தேக்கு. சந்தேகத்துக்கே இடமில்லை. "இது தொட்டாச்சிணுங்கி" என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக, ருசி தெரிந்தே ஒரு பொய்.

விரலால் தொட்டாள். கதவு இரண்டு பக்கமும் மடிந்து சுருங்கியது. மகள் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள், நெற்றி கொதித்தது. அவளை அணைத்துக்கொண்டு கொழுந்தனைத் தாண்டி நடந்தாள். அவன், "அண்ணி, நாளைக்கு வருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான்.

அந்த அறையில் இப்போது காலி மூட்டைகள் கிடக்கின்றன. கதவு பொழுது சாய்ந்ததும் தானாகவே சுருங்கிக்கொள்வதால் பூட்டை வேறு கதவுக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்காலத்தில் அது ஊதா நிறத்தில் பூக்கிறது. உள்ளே போகிறவர்கள் முள் குத்தாமல் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார்கள்.