செவ்வாய்க்கிழமை நாலு மணி எறும்பு

பாகு அக்காவின் பார்லரில் முதல் தடவை கால் முடி எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு முதல் இழுப்பு வலிப்பதில்லை. அந்த வலி, அவள்மேல் யார் அதிகமாக உயிரை வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குப் போய்விடும். பக்கத்து அறையில் இருந்தாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் சரி, அதே காலில் அதே இடத்தில் சுரீரென்று பிடுங்கும். சிவப்புப் புள்ளிகள் மறுநாள்வரை இருக்கும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வலி எங்கும் போகாமல் அவளிடமே தங்கிவிடும். இரண்டாவது இழுப்பிலிருந்து எல்லாருக்கும் அவரவர் வலி அவரவருக்கே. ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் மூன்றும்தான் போட்டுக் காய்ச்சுகிறேன், வேண்டுமானால் நக்கிப் பாருங்கள் என்றாள் அக்கா. நக்கிப் பார்த்தவர்கள் இனிப்பாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் ஊர் கொஞ்சம் சிரமப்பட்டது. பல் டாக்டர் ஒருவர் பிடுங்க வேண்டிய பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். மனைவி வீட்டில் சொல்லாமல் பார்லருக்குப் போயிருந்தாள். பஸ் ஓட்டுபவர் ஒருவர் ரவுண்டானாவைச் சுற்றாமல் அதன்மேலேயே ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா முதல் தடவைக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை நாலு மணி, வாரத்துக்கு ஒருத்தி என்று ஏற்பாடு செய்தாள். இப்போது அந்த நேரத்தில் பல் டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், தையல்காரர்கள் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள், பஸ்கள் ஓரமாக நிற்கும். யாராவது துள்ளினால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார், துள்ளியவர் எறும்பு கடித்தது என்பார், பேச்சு அத்தோடு முடியும். கறிக்கடைக்காரர் துள்ளிய வாரம் பார்லரில் படுத்திருந்தது அவர் மனைவி அல்ல. பாவம் மனுஷன், அடுத்த பத்து நாளும் கடையெல்லாம் எறும்புப் பொடி தூவிக்கொண்டே இருந்தார். தனியாக வாழ்ந்த டீச்சர் ஒருத்திக்கு அவளுடைய நாய்தான் கத்தியது. டீச்சர் வருத்தப்படவில்லை, அன்றிலிருந்து நாயைக் கட்டிப்போடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நடிக்கிற கணவர்களும் இருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து நாலு மணிக்குச் சரியாக ஐயோ அம்மா என்று குதிப்பார்கள். இதற்காகவே எந்தக் காலில் தொடங்கப்போகிறாள் என்பதை அக்கா யாரிடமும் சொல்வதில்லை. பவுடர் தூவி முடிக்கும்வரை அவளுக்கே தெரியாது என்பார்கள். குதித்தவர் பிடித்துக்கொண்ட காலும் அக்கா இழுத்த காலும் ஒன்றாக இல்லாமல் போன வீடுகளில் அன்றிரவு சமையல் நடக்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற ஒருத்தியும் அவள் மாமியாரும் பார்லருக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். கணவன் வேறு நகரத்தில் வேலையாக இருந்தான், எப்போதாவது வருவான். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் ஃபிரிட்ஜில் மேல்தட்டு மாமியாருக்கு, கீழ்த்தட்டு மருமகளுக்கு. டிவி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் பெரும்பாலும் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை. அந்த வருஷம் கணவன் போனில் ஒரு யோசனை சொன்னான். அம்மாவை நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துவிடலாம், நீ இங்கே வந்துவிடு, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்றான். மருமகள் முக்கால்வாசி சம்மதித்துவிட்டாள். மீதிக் கால்வாசிக்காகத்தான் பாகு அக்காவுக்குப் போன் செய்தாள். வீட்டைக் கலைத்துவிட்டு ஒருவனை நம்பிப் போகும் முன், அவனுக்கு வலிக்குமா என்று தெரிய வேண்டும். யாருக்குமே வலிக்காமல் தனக்கே வலித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா எல்லாரிடமும் சொல்வதையே சொன்னாள். மூன்று வாரத்துக்கு ரேசர் பக்கம் போகக் கூடாது, முடி ஓர் அரிசி நீளமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் பாகு பிடிக்கும். முந்தின நாள் தேய்த்துக் குளிக்கலாம், அன்றைக்கு எண்ணெய், கிரீம் எதுவும் ஆகாது. தொளதொளவென்று எதையாவது போட்டுக்கொண்டு வர வேண்டும். மூன்று வாரமும் மருமகள் காலை மூடிக்கொண்டே நடந்தாள். மாமியாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் செருப்பு மாட்டும்போது இவளும் செருப்பு மாட்டினாள்.

“எங்க அத்தை கிளம்பிட்டீங்க?”

“சும்மா. நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்தப் பாகுக் கதையெல்லாம் நான் நம்பறதில்ல, ஆமா.”

உள் அறையில் உயரமான கட்டில், சுத்தமான விரிப்பு, சின்ன மின்விசிறி, பவுடர் வாசனை. மாமியார் வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டாள். மருமகள் கணவனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் ஓரம் வைத்தாள். அவன் ஏதோ மென்றுகொண்டிருந்தான். அக்கா அவள் காலைத் துடைத்து, பவுடர் தூவி, முடி எந்தப் பக்கமாக வளர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். தேன் நிறப் பாகை ஓர் உருண்டை எடுத்து விரலில் பிசைந்தாள். அது கைச்சூட்டுக்கு மேல் சுடவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே, முடி வளரும் திசைக்கு எதிராக அழுத்தித் தேய்த்தாள்.

“கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்மா, யாருக்காவது,” என்றாள் அக்கா. தான் தினமும் ஊசியைக் குத்தும் முன் சொல்கிற வார்த்தையைத் தனக்கு ஒருத்தி சொல்லக் கேட்டது மருமகளுக்கு விநோதமாக இருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அக்கா வளரும் திசையிலேயே வெடுக்கென்று இழுத்தாள்.

வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. போனிலிருந்து ஆ என்று ஒரு சத்தம் வந்தது. மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்மதம் முழுசாகிவிட்டது என்றே சொல்லலாம்.

“எந்தக் கால் சார்?” என்று அக்கா கேட்டாள். அதுவும் அவள் எல்லாரிடமும் கேட்பதுதான்.

“இடது கால்தாங்க. அப்பப்பா, உயிர் போகுது. சரி, முடிஞ்சுதா? எனக்கு மீட்டிங் இருக்கு.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மூன்று விரல் அகலத்துக்குத் தோல் வழவழவென்று இருந்தது, ஒரு புள்ளி சிவப்பு இல்லை. அவளுக்கு வலிக்கவில்லை, அவனுக்கும் வலிக்கவில்லை. அப்படியானால் வலி எங்கேதான் போனது என்று அவள் யோசிக்கத் தொடங்கும்போது, வெளியே பாட்டில் உருண்டுகொண்டிருக்கும் சத்தம் அவள் காதில் விழுந்தது.

பாதி வேலையில் இறங்கி வந்து கதவைத் திறந்தாள். மாமியார் குனிந்து வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது. மருமகளைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“எறும்பு,” என்றாள். “சர்க்கரைக் கடைல எறும்பு இல்லாம இருக்குமா? பெஞ்ச துடைக்கவே மாட்டாங்க போல.”

மருமகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டாவது இழுப்பு அவளுக்கே வலித்தது, மூன்றாவதும் வலித்தது. கணுக்கால் எலும்புப் பக்கம் நன்றாகவே வலித்தது. அவள் அழுதாள், அக்கா டிஷ்யூ கொடுத்தாள். ஒட்டியிருந்த பாகைத் தண்ணீரில் துடைத்துவிட்டு, இன்றைக்கு வெந்நீர் வேண்டாம், வெயில் வேண்டாம், வேர்க்க வேர்க்க வேலை வேண்டாம், ஒரு மாதம் கழித்து வா, அடுத்த தடவை இவ்வளவு இருக்காது என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது மாமியார் லேசாகக் காலை விந்தி நடந்தாள். தெருமுனை வந்ததும், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அந்த இல்லத்துல ஜன்னல் பக்கமா கட்டில் தருவாங்களாமா?”

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் ரகசியமாகப் பேசியதாக நினைத்ததெல்லாம் அந்தச் சின்ன வீட்டில் ஒவ்வொரு வார்த்தையும் மாமியார் காதுக்குப் போயிருக்கிறது. தெரிந்துகொண்டே செருப்பு மாட்டிக்கொண்டு கூட வந்திருக்கிறாள். மருமகளுக்கு வெட்கமாக இருந்தது.

“எந்த இல்லம்? நீங்க எங்கயும் போகல அத்தை. கைய குடுங்க, ரோட்ட தாண்டணும்.”

வீட்டில் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மாமியாரின் காலில் போட்டாள். மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்புப் புள்ளிகள், வரிசை தப்பாமல் இருந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். பெரிய எறும்பா இருந்திருக்கும் என்றாள் மருமகள். கட்டெறும்பு என்றாள் மாமியார். அன்று டிவி சத்தத்தை யாரும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கணவனிடம், வருவதாக இருந்தால் நீங்கள் இங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டான், பிறகு வந்தான், பிறகு போனான், பிறகு எப்போதாவது வந்தான். ஃபிரிட்ஜில் மேல்தட்டு மேல்தட்டாகவும் கீழ்த்தட்டு கீழ்த்தட்டாகவும் இருந்தது. மாமியாரும் மருமகளும் வாரத்தில் இரண்டு தடவையாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மருமகள் மாதாமாதம் பார்லருக்குப் போனாள், முடி மெலிந்துகொண்டே வந்தது. இப்படி ஏழெட்டு வருஷம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தினமும் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற மாமியார் தைலத்தைத் தொடவில்லை. தொளதொளவென்று ஒரு பழைய உடுப்பை எடுத்து வைத்திருந்தாள். அவள் காலில் மொத்தமே பத்துப் பதினைந்து முடிதான் இருக்கும். மருமகள் கண்டும் காணாமல் வேலைக்குக் கிளம்பினாள். ஆனால் அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பெற்ற பிள்ளை ஒருவன் இருக்கிறான், அவனுக்குத்தான் போகும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது பொறாமையாக இருந்தது. அவனும் இல்லை, தானும் இல்லை என்று அத்தைக்கே வலித்துவிட்டால் என்று நினைத்தபோது தாங்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஊசிகளைத் தட்டில் வைத்து மூடினாள். கூடத்தில் காத்திருந்தவர்களும் வழக்கம்போலக் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக் காத்திருந்தாள். கடிகாரம் நாலைத் தாண்டியது. ஒன்றும் இல்லை. அவள் மெல்லக் காலை மடக்கினாள்.

அப்போது இடது காலில் சுரீரென்று பிடுங்கியது. அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் பயந்து எழுந்து, என்னம்மா ஆச்சு என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எறும்பு என்றாள். சரி என்று அவர் உட்கார்ந்துகொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார்.