குழு பார்க்கும் படலம்

“ஏனடி, உன்னை ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“இல்லை அம்மா.”

“நீயாவது ஆரையும் கேட்டனியோ?”

“எப்பிடி அம்மா நானாப் போய்க் கேக்கிறது?”

“அப்ப விடு. நான் கேக்கிறன்.”

போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே நடந்த பேச்சு இது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கொஞ்சம் அழுதுவிடலாம் என்று ராகவி போட்ட கணக்குத் தப்பிவிட்டது. எந்தக் கண்ணீர் வெங்காயத்துடையது, எது மகளுடையது என்று அம்மா புஷ்பமலருக்கா தெரியாது?

பேச்சு கல்யாணத்தைப் பற்றியது அல்ல. ஒஸ்லோவில் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ராகவிக்குச் சேர்ந்து படிக்க ஒரு குழு இல்லை. அங்கே பாதிப் படிப்புத்தான் விரிவுரை மண்டபத்தில் நடக்கும். மீதி, நாலைந்து பேராக ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ‘இது உனக்கு விளங்கியதா?’ என்று ஒருவரையொருவர் கேட்பதில் நடக்கும். அந்தக் குழுக்கள் முதலாம் ஆண்டின் முதல் வாரத்தில், எல்லோரும் காட்டுக்குள் ஒரு மரவீட்டுக்குப் பயணம் போனபோதே அமைந்துவிட்டன. அந்த வாரம் ராகவியின் சின்னம்மா மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. இவள் பட்டுச்சேலை உடுத்து, ஆலாத்தித் தட்டோடு நின்றாள். திரும்பி வந்தபோது எல்லா மேசையும் நிரம்பியிருந்தது.

யாரும் அவளைத் துரத்தவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. போதாக்குறைக்குப் பல்கலைக்கழகம் அவளைப் படம்பிடித்து, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பொறியியலுக்கு அழைக்கும் சுவரொட்டியில் போட்டுவிட்டது. ‘உனக்கும் இங்கே இடமுண்டு’ என்று சுவரில் சிரித்துக்கொண்டு, எனக்கு இடமில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? போன தவணையில் மின்சுற்றுப் பாடம் கவிழ்ந்தது. இந்தத் தவணைச் செயற்றிட்டத்தைக் குழுவாகத்தான் செய்ய வேண்டும். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். மிஞ்சியவர்களை ஆசிரியர் எங்காவது சேர்த்துவிடுவார்தான். மிஞ்சியவளாகப் போவதைவிடப் படிப்பையே விட்டுவிடலாம் என்று ராகவி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

புஷ்பமலருக்குத் தெரிந்த வழி, நல்ல இடமாக விசாரிப்பது. ஒஸ்லோவிலேயே வெஸ்ட்லிப் பக்கம் இருக்கும் லூர்துவின் மகன் மார்க்கஸ் அதே வகுப்பு, கெட்டிக்காரக் குழு என்று அறிந்து, சனிக்கிழமை பின்னேரம் தகப்பனையும் மகனையும் அம்மருட்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு அழைத்துவிட்டாள். படிப்பு விசயமாகத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்பிள்ளையைப் பெற்ற ஒரு தமிழ்த்தாய் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? லூர்து கோட்டும் சூட்டுமாக, கையில் கேக் பெட்டியோடு வந்தார்.

“எங்களுக்கு வேதம், சைவம் எண்ட வித்தியாசமெல்லாம் இல்லை, தங்கச்சி,” என்று கிறிஸ்தவரான அவர் உட்கார்ந்ததும் தொடங்கினார்.

“கணக்குக்கு என்ன அண்ணை வேதமும் சைவமும்?” ரோல்ஸ் தட்டை அவரிடம் நீட்டிவிட்டு, புஷ்பமலர் மார்க்கஸ் பக்கம் திரும்பினாள். “தம்பி, உங்கட குறூப்பில எத்தினை பேர்? குடிக்கிறவையோ?”

“நாலு பேர், அன்ரி. சோதினை முடிஞ்சால் குடிப்பினம்.”

“சோதினைக்கு முதல் நாள் இல்லைத்தானே. அப்ப பரவாயில்லை.”

லூர்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ரோல்ஸை மென்றபடி, தனக்குத் தெரிந்த அடுத்த கட்டத்துக்குத் தாவினார். “பிள்ளையள் தனியக் கதைக்கட்டுமே.”

பால்கனியில் குளிர் கடித்தது. கீழே ரயில் ஒன்று வளைந்து போய்க்கொண்டிருந்தது. மார்க்கஸ் கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

“என்ர சேர்ட்டை அப்பாவே அயன் பண்ணித் தந்தவர். ராகவி, எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம்.”

“எனக்கும்தான். அம்மா காலைமை தொடக்கம் பிடிச்சு வைச்சுப் பின்னல் பின்னினவா. ஒரு செயற்றிட்டத்துக்கு.”

இருவரும் சிரித்தார்கள். “அப்ப உண்மையாப் படிப்பு விசயம்தானோ?” என்றான் மார்க்கஸ். “உனக்கென்ன குறை? தனிய இருந்து எழுதித் தள்ளுறாய். எங்களை நீ மதிக்கமாட்டாய் எண்டுதான் நாங்கள் நினைச்சனாங்கள்.”

ஒன்றரை வருடமாக இவள் அந்த மேசையைத் தூர நின்று பார்க்க, அந்த மேசை இவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் புஷ்பமலர் எழும்பிவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கதவை நோக்கி வந்தாள்.

“அம்மா கேக்க வாறா,” என்றாள் ராகவி.

“அன்ரி என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லச் சொல்லி அப்பா சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தவர்.”

“அந்த ஓம் எனக்கு வேண்டாம்.” ஒரு கையால் கதவின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அம்மா கண்ணாடியைத் தட்டினாள். “மார்க்கஸ், போன தவணை நான் பெயில். எனக்குத் தனியப் படிக்க ஏலேல்லை. என்னையும் உங்கட குறூப்பில சேர்ப்பியளோ?”