முழுக்கோடு

ஐம்பத்தாறு வயதில் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் திறந்து பார்க்கவேண்டும் என்று அக்காவின் தலையில் எழுதியிருந்தது. தம்பி இறந்துபோய் நான்கு மாதம். பழைய வீட்டை மாற்றிக் கட்டுவதற்காக அவன் வரைந்த படம் அவனுடைய ஆபீசிலேயே கிடந்தது. மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்கவேண்டும், படத்தைப் பேப்பரில் கொடுங்கள் என்று மேஸ்திரி நச்சரித்தார். அந்த ஆபீஸ் வாசலை என்னால் மிதிக்க முடியாது என்று தம்பி மனைவி அழுதாள். அதனால் அக்கா போனாள்.

போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மறைப்பானேன்? படத்தில் தன்னுடைய ஓரத்து அறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தம்பி இருந்தவரை பயமில்லை. இனி எல்லாம் தம்பி மனைவி கையில். அவளோ எதையும் வாய்விட்டுச் சொல்லாத ரகம். அந்த ரகத்தை நம்பவே கூடாது என்பது அக்காவின் கட்சி.

தம்பியோடு படம் வரையும் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன், “நானே எடுத்துத் தர்றேன்க்கா” என்றார்.

“வேணாம்ப்பா. என் தம்பி வரைஞ்சது, நானே எடுக்கறேன். சொல்லிக்குடு.”

திரையில் எல்லாக் கோடும் ஒரே மெலிசாக இருந்தது. கோட்டின் தடிமனைக் காட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார். சுவர்கள் தடித்தன. ஓரத்து அறையின் சுவர்களும் அழுத்தமாக நின்றன. அப்பாடா! என் தங்கமே, நீயா என்னை விட்டுவிடுவாய் என்று அக்காவுக்குக் கண் நிறைந்தது.

“பேப்பருக்கு ஒண்ணுக்கு அம்பதுன்னு அளவு வச்சாச்சு. ஆனா கோட்டோட ஸ்கேல் ஒண்ணுலயே கெடக்குது பாருங்க. அதையும் அம்பதாக்குங்க. இல்லன்னா விட்டுவிட்டு வர்ற கோடெல்லாம் நெருங்கிப்போய் முழுக்கோடு மாதிரியே தெரியும்.”

“தெரிஞ்சா என்னவாம்?”

“முழுக்கோடுன்னா சுவர் நிக்கும். விட்டுவிட்டு இருந்தா இடிக்கணும். மேஸ்திரிக்கு இதெல்லாம் அத்துப்படிக்கா.” போன் அடித்தது. அவர் எழுந்து வெளியே போனார்.

அக்கா ஒற்றை விரலால் ஐம்பது என்று தட்டினாள். ஓரத்து அறையின் சுவர்கள் துண்டு துண்டாயின. வேறு எந்தச் சுவரும் அசையவில்லை.

மவுஸை உருட்டி உருட்டி வீடு முழுவதும் தேடினாள். கூடம், சமையலறை, மாடி, சாமான் அறை. அவளுக்கென்று ஒரு கட்டில்கூட எங்கும் இல்லை. தம்பி மனைவிதான் ஓதியிருப்பாள்! அவள் தூண்டாமல் என் பிள்ளை இப்படிச் செய்வானா? அந்த எரிச்சலிலேயே ஐம்பதை அழித்து மறுபடி ஒன்று போட்டாள். அறை முழுசாக எழுந்து நின்றது. டிராஃப்ட்ஸ்மேன் திரும்புவதற்குள் பிரிண்ட் கொடுத்துவிட்டாள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே திருட்டு அதுதான்.

வீட்டில் தம்பி மனைவி படத்தை மேஜைமேல் விரித்தாள். விரல் ஓரத்து அறையில் வந்து நின்றது. கேட்கட்டும், இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

தம்பி மனைவியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“இந்த ரூம இடிக்கலையா அண்ணி? எடுத்துடலாம், அக்காவ எங்கயாவது ஹோம்ல சேத்துடலாம்னு உங்க தம்பி ஒத்தக்கால்ல நின்னாரு. எத்தன நாள் சாப்பிடாம இருந்தேன் தெரியுமா? அவங்கள அனுப்பினா நானும் போயிடுவேன்னு சொன்னேன். கடைசியில என் பேச்ச கேட்டிருக்காரு பாருங்க. போறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

இவளையா சந்தேகப்பட்டோம் என்று அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தம்பி மனைவியின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“ஆமாம்மா. உன் பேச்ச கேட்டிருக்கான்.”

தான் அழவில்லை. அழுதால் எதற்கென்று இவள் கேட்பாளே.