பதினெட்டாம் தேதி

நர்மதா அண்ணன் கந்தவேலின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மின்மயானத்திலிருந்து போன் வந்திருந்தது.

"ஏனுங்க, நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கறதாச் சொல்றாங்க. அதோட கொண்டாந்தா அடுப்புக்குள்ள வெடிச்சுருமுங்க. எடுத்துட்டுக் கொண்டாங்க."

பள்ளிபாளையத்தில் கூப்பிட்ட இரண்டு டாக்டர்களும் வர மறுத்துவிட்டார்கள். நர்மதா சென்னையில், இந்த மெஷின்களைப் பொருத்தும் அறையில் பதினோரு வருடமாக நர்ஸ். அதற்கு மேல் யாரும் யாரையும் தேடவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அண்ணி சாரதாமணி மட்டும் போகவில்லை.

இடது தோளுக்குக் கீழே, பழைய தழும்பின் மேலேயே கீறினாள். ரத்தம் அவ்வளவாக வரவில்லை. வயர்களை நறுக்கி பேஸ்மேக்கரைத் தட்டில் வைத்தாள்.

"இது இன்னும் ஓடுதா நர்மதா?"

"ஓடும் அண்ணி. பேட்டரி இன்னும் ஆறு வருசம் வரும்."

"இது ஓடறப்பவே அவங்க எப்புடிப் போனாங்க?"

"துடிப்பு கொறைஞ்சா இது ஏத்தி உடும், அவ்வளவுதான். தாறுமாறா அடிச்சா ஷாக் குடுத்து நிறுத்தறது வேற மெஷின்."

அந்த வேறு மெஷின் வைக்கவேண்டும் என்று போன மாதமே சொல்லியிருந்தார்கள். வைக்கிற டாக்டர் இந்தப் பக்கம் மாதத்துக்கு ஒருநாள்தான் வருவார். கந்தவேலுக்குப் பதினெட்டாம் தேதி. இன்று பதின்மூன்று. நர்மதாவின் அறையில் வாரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு வைக்கிறார்கள்.

போன வாரம் அண்ணன் போனில் கேட்டான். "அங்கயே வந்துரட்டுமா சாமி?"

"பத்து நாள்தானே அண்ணா. இந்த ஒடம்போட எதுக்கு அலையறே?" என்றாள்.

சாரதாமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?"

நர்மதா ஊசியில் நூலைக் கோத்தாள். மூன்று தையல் போட்டு முடிச்சிட்டாள்.

"இல்லீங்க அண்ணி."

"அப்பச் சரி," என்றாள் சாரதாமணி. சட்டைப் பொத்தான்களை அவளே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் நர்மதா தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துக் கழுவினாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் நாளைக்கு மெஷின் வைக்கிறவர்களின் பட்டியல். மூன்று பேர். மூன்றாவது ஆளுக்கு ஊர், இந்தப் பக்கத்துப் பரமத்தி வேலூர் என்று போட்டிருந்தது.

மேலே தள்ளப் பார்த்தாள். ஈர விரலுக்குத் திரை நகரவில்லை.