அடுப்பெரியாத மூன்று நாள்

மாமனாரின் பிணத்தைத் தூக்கும்போது மருமகள் சுல்ஹுமார் அழவில்லை. மடியில் கிடந்த கைக்குழந்தையின் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தும் நீலம். உதடும் நீலம். வாசலில் ஆண்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் துணியை இறுகக் கட்டி, கோலூன்றி நின்று அழுதார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இன்னொன்றும் இந்த வாசலைத் தாண்டிப் போய்விடுமோ என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

மாமனார் துர்திமுராதுக்கு ஐம்பத்தாறு வயது. விடிந்ததும் வெங்காயக்காட்டுக்கு மடை திருப்பப் போனவர், வாய்க்காலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். முந்தின நாள்தான் பேரனை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். இதயத்தில் கோளாறு இருக்கலாம், தலைநகருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனிதர் அன்றிரவு முற்றத்தில் நின்று கையேந்தி வேண்டியது தெருவுக்கே கேட்டது.

"ஆண்டவனே, இவனை விட்டுடு. என்னை எடுத்துக்கோ."

செத்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது. ரொட்டியும் சூப்பும் தேநீரும் மேட்டுத்தெரு சபோஹத் வீட்டிலிருந்து வந்தன. சுல்ஹுமாருக்குப் பால் வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் புட்டிப்பால் கலக்கும் வெந்நீரும் சபோஹத் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான்.

மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு சிவந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் ஓய்நிசா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "காலம் பூரா சந்தையில பேரம் பேசின மனுஷன்டி. கடைசியில ஆண்டவன்கிட்டயும் பேசி முடிச்சுட்டாரு பாரு!"

நான்காம் நாள் காலை ஓய்நிசா அடுப்பை மூட்டினாள். சுல்ஹுமார் வயலோரத்து அடிபம்பில் தண்ணீர் பிடித்து, மாமனார் சொல்லிவைத்தபடியே இரண்டு முறை கொதிக்கவைத்தாள். பிள்ளை மத்தியானத்துக்குள் மூன்று புட்டி குடித்தான். வெயில் தாழ்வதற்குள் உதடு மறுபடி நீலம் பாரித்தது.

பேரம் முறிந்துவிட்டதென்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இன்னொரு கெட்டில் தண்ணீர் பிடிக்க ஓடினாள். பம்படியில் வெள்ளை உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே உரத்தைக் கரைக்கும் குழி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதிலிருந்துதான் உரத்தண்ணீர் மடைக்குப் போகும். வெங்காயம் பருக்கவேண்டும் என்று அந்த மனிதர் உரத்தையும் அள்ளிப் போட்டார், தண்ணீரையும் தேக்கி விட்டார். மணல் பூமி, கொடுத்ததையெல்லாம் குடித்தது. குடித்தது எங்கே போகும்? பம்பு இறக்கியதும் அதே மண்ணில்தான்.

வசந்தத்தில் ஒரு கன்றுக்குட்டி அந்தக் குழியில் வாய் வைத்தது. கொஞ்ச நேரத்தில் விழுந்து துடித்தது. நாக்கு நீலமாய்த் தொங்கியது. உயிர் போகுமுன் அதன் கழுத்தை அறுத்தபோது ரத்தம் காபி நிறத்தில் வந்ததை அவளே பார்த்தாள்.

கெட்டிலைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். ஓய்நிசா மீதமிருந்த வெந்நீரில் பால்மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அதைக் குடுக்காதீங்க."

"ஏண்டி? பிள்ளை பசியில கத்துறான்."

"அந்தத் தண்ணி வேண்டாம்."

"எந்தத் தண்ணி? உன் மாமனார் இறக்கின பம்புத் தண்ணியா?"

நாலு நாள் விதவையிடம் இதை எந்த வாயால் சொல்வது? சுல்ஹுமார் பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "கன்னுக்குட்டி..." என்றாள். குழிப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஓய்நிசா உதட்டைப் பார்த்தாள். கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். வாசல் வழியே குழியைப் பார்த்தாள். முப்பது வருஷமாக வெங்காயத்தோடு கிடந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவருக்குத் தெரியாதுடி."

"தெரியாது அத்தை."

"ரெண்டு தடவை கொதிக்கவைன்னாரே. பூச்சி இருக்கும்னு பயந்தாரே."

"ஆமா."

"தண்ணிதானே சுண்டும். உர உப்பு எங்க போகும்?" புட்டியை முற்றத்தில் கொட்டினாள். "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. ஊர்ல மூச்சு விடாதே."

சுல்ஹுமாரின் புருஷன் மண்வெட்டியோடு வந்தபோது ஓய்நிசா ஸ்பேனரால் பம்புக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"செத்தவர் இறக்கின பம்பு. நாப்பது நாளைக்கு யாரும் அடிக்கக் கூடாது. வழக்கம்."

"இப்படி ஒரு வழக்கமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"இதுக்கு முன்னாடி எத்தனை அப்பனைப் புதைச்சிருக்க நீ? போ, ஆஸ்பத்திரி போகணும், காரைக் கொண்டுவந்து சபோஹத் வீட்டு வாசல்ல நிறுத்து."

இரண்டு பெண்களும் மேட்டுத்தெருவில் ஏறினார்கள். ஒருத்தி கையில் வாளி, மற்றவள் கையில் பிள்ளை. சுல்ஹுமார் அடிக்கொரு தரம் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

சபோஹத் வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் முகத்தைச் சால்வை மூடியிருந்தது.

"பேரன் எப்படி இருக்கான் அக்கா? அவனுக்காக உயிரையே குடுத்துட்டுப் போனாரே!"

"ஆமா, குடுத்தாரு" என்றாள் ஓய்நிசா.

வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வாளி நிறையும்வரை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.