பி. அன்புச்செல்வி

காலை டீ பிரேக்கில் நோட்டீஸ் போர்டில் தன் பெயரைப் பார்த்ததும் பிறந்தநாள் லிஸ்ட் என்றுதான் அன்புச்செல்வி நினைத்தாள். திண்டிவனத்தை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் மாசா மாசம் ஒட்டுவார்கள், கேக் படம் போட்டு. இதில் கேக் இல்லை. 'சங்கத்திலிருந்து சுயவிருப்பத்தில் விலகியவர்கள்' என்று தலைப்பு. கீழே ஆங்கிலத்தில் பதினேழு பெயர்கள். பதினொன்றாவது, பி. அன்புச்செல்வி.

அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

பின்னால் நின்ற கலைப்பிரியா படித்துவிட்டாள். டீயை ஊதிக் குடித்தபடி நகர்ந்து போனாள். அது போதும். தையலில் நாலாவது லைனுக்கு நாற்பது பெண்கள். சந்தாப் புத்தகம் அன்புச்செல்வியிடம். முன்பு சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மாசமாக அதைக் கம்பெனி நிறுத்திவிட்டதால் ஆள் ஆளாகக் கேட்டு வாங்கி ரசீது கிழிப்பவள் இவள். வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வந்து யார் யார் சங்கத்தில் என்று தலை எண்ணப் போகிறார். பாதிக்குக் கீழே போனால் சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. இன்று புதன். சந்தா வாங்குகிறவளே விலகிவிட்டாள் என்றால் மற்றவள் எதற்கு இருப்பாள்?

மிஷினில் உட்கார்ந்து தோலை ஊசிக்கு அடியில் தள்ளும்போதுதான் போன வருஷத்து போனஸ் சீட்டு ஞாபகம் வந்தது. இன்னொரு அன்புச்செல்வியுடையது இவளுக்கு மாறி வந்த சீட்டு. இவள் வேலைக்குச் சேரும்போது கல்யாணமாகி இருந்ததால் புருஷன் பிரான்சிஸ் பெயரில் 'பி' என்று தமிழில் எழுதிக் கொடுத்தாள். பிரான்சிஸுக்கு ஆங்கிலத்தில் எஃப் வரும் என்று டைப் அடித்தவனுக்குத் தோன்றவில்லை. இன்னொருத்தி கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். அப்பா பூமாலை பெயரில் அதே பி. கம்ப்யூட்டருக்குள் இரண்டு பி. அன்புச்செல்வி.

ஆனால் அந்த இன்னொருத்தியை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேக்கிங் செல்வி. சங்கப் பதிவில் அவளுக்குப் புருஷன் இனிஷியல். புருஷன் தென்னரசு. சங்கத்தின் செயலாளர்.

ஊசி, விரலுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது.

குழாயடியில் செல்வியைப் பிடித்தாள். கேட்பதற்கு முன்பே அவள் அழுதாள். ஹெச்.ஆர். ராஜ்குமார் கூப்பிட்டு உட்கார வைத்து, தென்னரசுவின் சஸ்பென்ஷன் ஆர்டரைக் காட்டியிருக்கிறான். எல்லாம் டைப் அடித்து ரெடி. தேதி மட்டும் காலி. நீ இந்த விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதில் நான் தேதி போடமாட்டேன், யாருக்கும் தெரியாது என்றானாம்.

"அவருக்குத் தெரிஞ்சா என்ன வெச்சுக்கினு வாழமாட்டாருக்கா."

அன்புச்செல்வி நேராக ஹெச்.ஆர். ரூமுக்குப் போனாள். லிஸ்ட்டில் தப்பு என்றாள். ராஜ்குமார் அவளுக்கு நாற்காலி காட்டினான், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தான். அவன் குரலில் அவ்வளவு மரியாதை.

"எந்த பி-ன்னு சந்தேகம் வருதாம்மா? எழுதிக் குடுங்க. டோக்கன் நம்பரோட திருத்தி ஒட்டிடறேன்."

அப்போதுதான் புரிந்தது. நம்பர் போடாமல் விட்டது மறதி இல்லை. திருத்தாவிட்டால் நாலாவது லைன் போகும். திருத்தினால் செயலாளர் பெண்டாட்டியே விலகிவிட்டாள் என்று மொத்த கம்பெனியும் போகும். எந்தக் கதவைத் திறந்தாலும் அதன் பின்னால் இவன்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் எழுதித் தராமல் வெளியே வந்தாள்.

மதியம் கேன்டீனில் சாம்பார் வாளியைத் தாண்டித் தென்னரசு வந்தான். லைன் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மேஜை தள்ளிச் செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. அந்த இனிஷியல் உங்களுதுதானே?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி யாருடையது என்பது.

"என்னுதுதான்."

"மெரட்டுனாங்களா?"

"இல்ல."

அவன் சந்தாப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கலைப்பிரியாதான் வாயைத் திறந்தாள். "எங்ககிட்ட வசூல் பண்ணிக்கினு அங்க போய்க் கையெழுத்து. நல்லா இருக்குதுக்கா உங்க சங்கம்." யாரோ சிரித்தார்கள். சாயந்திரத்துக்குள் நாலாவது லைனில் ஆறு பேர் ஹெச்.ஆர். ரூமுக்குப் போய் வந்ததை அன்புச்செல்வி மிஷினில் இருந்தே எண்ணினாள்.

கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. கடைசியாக ஏறிய செல்வி வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிடுங்கக்கா."

"சொன்னா நாளைக்கு எத்தினி பேர் கையெழுத்துப் போடுவாளுங்க, தெரியுமா? வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ."

"அங்கதான்க்கா போக முடியல. போனதும் அவரு உங்களத்தான் திட்டுவாரு. நான் எதிர்ல உக்காந்து கேட்டுக்கினு இருக்கணும்."

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. தென்னரசுவை இந்த பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. அவன் பைக்கில் முன்னாலேயே வந்து மல்லாட்டை வறுத்து விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தான். நாலு பேர் இறங்கினார்கள். செல்வி எழவில்லை. அன்புச்செல்வி முழங்கையால் இடித்தாள். எழவில்லை.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ஹாரன் அடித்தார். கிளப்பிவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் பைக் பக்கவாட்டில் வந்தது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, இன்னொரு கையைத் தூக்கி, ஜன்னலைப் பார்த்து என்னவோ கேட்டுக்கொண்டே வந்தான் தென்னரசு. லாரிகளின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. செல்வி முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அன்புச்செல்வி. விக்கிரவாண்டி டோல் நெருங்கும் வரை அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது, அன்புச்செல்வியின் முகத்துக்கு நேராக.