அக்காவின் உர டிரம்: நான்காவது வரைவு

1

இந்தக் கதை நாற்றத்தில் பிறந்தது. இதைவிட அழகாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, ஒரு உர டிரம் நிற்கிறது. இரும்புக் கால்களின் மேல் படுத்த வாக்கில் பொருத்திய கறுப்பு பிளாஸ்டிக் பீப்பாய். பக்கவாட்டில் கைப்பிடி, வயிற்றில் ஒரு மூடி, ஆங்காங்கே காற்றுத் துளைகள். சமையலறைக் கழிவைப் போட்டு அவ்வப்போது சுற்றிவிட்டால், கொஞ்ச நாளில் மண் வாசனையோடு உரம் வர வேண்டும். எங்கள் டிரம்மிலிருந்து வந்தது அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாசனை.

டிரம் அக்காவுடையது. கணவர் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள், இங்கே வந்து தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அதுதான். [ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள்.]

வீட்டில் மூன்றாவதாக ஒருவன் உண்டு. எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. நாங்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் கமிட்டி. தனியாகவே கூடி, தனியாகவே விவாதித்து, தீர்மானத்தை மட்டும் எங்களுக்கு அறிவிப்பான். போன வாரம் சாப்பிடும்போது அறிவித்தான்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த நாத்தம் போகணும். இல்லேன்னா டிரம்மைத் தூக்கி வெளியே போட்டுடுவேன்.”

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டிரம் போனா நானும் போறேன்” என்றாள்.

“எங்கே போவே?”

திரும்பிப் போக அவளுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. எந்த வீடு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களின் புத்தியே இப்படித்தான். வீடு தீப்பிடித்தால் வாளியைத் தேடுவதற்கு முன்னால் பேனாவைத் தேடுவோம்.

2

முதல் தொடக்கம்: ‘சுழலும் அந்த இருண்ட உருளைக்குள் அவளுடைய இளமை முழுவதும் அழுகிக்கொண்டு...’

வேண்டாம். அக்காவின் இளமை அழுகவில்லை. அழுகியது கத்தரிக்காய்.

இரண்டாம் தொடக்கம்: ‘மக்கிப்போனதெல்லாம் ஒருநாள் முளைத்தே தீரும் என்று அவள்...’

அவள் அப்படியெல்லாம் நினைக்கவே இல்லை. ரோஜாச் செடிக்கு உரம் வேண்டுமென்று நினைத்தாள், அவ்வளவுதான்.

கதை கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியருக்கு, அடிப்பதற்கு முன்பே நான் அனுப்பிவிட்டிருந்த இந்த இரண்டும் பிடித்திருந்தன. போன் செய்தார்.

“டிரம் குறியீடா அருமையா வருதும்மா. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க.”

“சார், அது டிரம்.”

“சரிதான், ஆனா வாசகர்கள் அதை அவங்களோட மனசா...”

“டிரம் சார்.”

போனை வைத்துவிட்டேன். இந்தக் கதையில் கடைசிவரை டிரம் டிரம்தான். அதை வேறு ஏதாவதாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் உதவி எதிர்பார்க்க வேண்டாம்.

3

நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்ததைச் சேர் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அக்கா காய்ந்த இலை போட்டாள். நாறியது. அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டாள். அப்போதும் நாறியது. உள்ளே இருப்பதை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாமாம். அக்கா பிழிந்தபோது முழங்கைவரை வழிந்தது.

எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ‘அக்கா இயல்பிலேயே கொஞ்சம் அசட்டையான...’ என்று ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்தினேன். மின்விசிறி சுவிட்சைக்கூடத் துடைத்து வைப்பவள் அவள்.

சரி, ஒரு பாத்திரம் பிடிபடாவிட்டால் அதன் கைகள் செய்வதை அப்படியே எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எழுதினேன்: ‘அக்கா காய்த்தோல்களை வடிகட்டியில் கொட்டி இரண்டு முறை அலசி எடுத்துப்போய் டிரம்மில் போடுகிறாள். சனிக்கிழமை வந்தால் மூடியைத் திறந்து, கை எட்டுகிற இடம்வரை ஃபினாயில் துணியால் துடைத்துவிடுகிறாள்.’

சப்பென்ற வாக்கியங்கள். கதையின் வேகத்தைக் கெடுக்கின்றன என்று அடிக்கப்போனேன். பேனா நின்றது.

அலசி?

சமையலறைக்கு ஓடினேன். குழாயடியில் நின்று உருளைக்கிழங்குத் தோலை அலசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, குப்பைக்குப் போற தோலை எதுக்குக் கழுவுறே?”

“பின்னே, அழுக்காவா போடுவாங்க?”

“அது மக்கப் போறதுதானே?”

“மக்கட்டும். யாராவது திறந்து பாத்தா என்ன நினைப்பாங்க?”

அந்த வீட்டில் குப்பைத்தொட்டியையும் திறந்து பார்ப்பார்கள். [சொல்ல மாட்டேன் என்றேன். இவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது.]

“அக்கா, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஜீவன் இருந்தாத்தான் மக்கும். நீ வாரா வாரம் ஃபினாயில் போட்டு அத்தனையும் கொன்னுட்டிருக்கே.”

அக்கா குழாயை மூடினாள். கையிலிருந்த தோலைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“அங்கேருந்து வந்துட்டேன்னு நினைச்சுட்டிருக்கேன். இன்னும் அவங்களுக்காகவே கழுவிட்டிருக்கேனேடி.”

[ஆசிரியர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். உட்காரட்டும். டிரம் சார்.]

அன்றே சொதசொதவென்று இருந்ததில் பாதியை அள்ளிச் சாக்கில் பரப்பி வெயிலில் உலர வைத்தோம். டிரம்மின் உட்புறத்தை வெறும் தண்ணீர் விட்டு ஃபினாயில் வாடை போகும்வரை கழுவினோம். அக்கா கழுவிய கடைசிக் கழுவல் அது. பிறகு உலர்ந்ததோடு காய்ந்த இலையும் அட்டைத் துண்டும் கலந்து, வேலியோர மண்ணில் இரண்டு கை அள்ளிப் போட்டோம். கழுவாத தோலை அக்கா உள்ளே எறிந்தாள். எறிந்துவிட்டுக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

4

சனிக்கிழமை, மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) கமிட்டி மூடியைத் திறக்கிறான். மண் வாசனை. அவன் கண் கலங்குகிறது. [அவன் கண் கலங்கி நான் பார்த்தது வெங்காயம் நறுக்கும்போதுதான்.]

ஆ) கமிட்டி மூடியைத் திறக்கிறான். நாற்றம். அக்கா பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். மழை. [பரிசு கிடைக்கக்கூடிய முடிவு.]

இ) கமிட்டி மூடியைத் திறக்கிறான். அவனுக்கு மூக்கடைப்பு.

தாள்களை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் என் நாற்காலியில் அக்கா, கையில் என் பேனா.

“என்னடி இது? மூணுலயும் மூடியைத் திறக்கிறது அவன்தானா?”

“கதைன்னா ஒரு சோதனை வேணும்க்கா. நாத்தம் போச்சுன்னா நீ இருப்பே. போகலைன்னா...”

“போகலைன்னா நான் ஏன்டி போகணும்?”

“நீதானே சொன்னே?”

“கோவத்துல சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன், எழுதிக்கோ. அது மக்க நாளாகும். ஆகட்டும். அதுவரைக்கும் நாறினா அவன் ஜன்னலைச் சாத்திக்கட்டும். நாறுற டிரம்முக்குச் சொந்தக்காரியா நான் இங்கேயேதான் இருப்பேன். இது எனக்கும் அப்பா வீடுதான்.”

மூன்று முடிவுகளையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். தாள் கிழிந்தது.

கமிட்டியின் தீர்மானத்தை வாங்கி, அதையே கதைக்கரு என்று வைத்துக்கொண்டு இத்தனை நாள் எழுதியிருக்கிறேன். அவன் வைத்த பரீட்சைக்கு நான் கேள்வித்தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க என் பாத்திரமே எழுந்து வந்து பேனாவைப் பிடுங்க வேண்டியிருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை. கமிட்டி பின்வாசலில் நிற்கிறான். அக்கா டிரம் பக்கத்தில், மூடியின் மேல் கையை ஊன்றியபடி.

“திற, பாக்கலாம்.”

“திறக்கமாட்டேன்டா. இன்னும் ஆகலை.”

“எப்போ ஆகும்?”

“ஆகுறப்போ ஆகும்.”

இங்கே நிறுத்துகிறேன். நாற்றம் போயிற்றா என்றால், நான் இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறேன், என் மூக்குக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கமிட்டி கத்தலாம், சிரிக்கலாம், உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். வேண்டுமென்றால் மழைகூடப் பெய்யட்டும். ஆனால் அக்காவை மறுபடி பெட்டியோடு வாசலில் நிறுத்த நினைத்தால், மன்னிக்கவும், பெட்டி காலியாக இல்லை. டிரம்முக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது, விளிம்புவரை காய்ந்த இலை.